தண்டவாளம் கழற்றிய தடத்தில்

மைசூருவிலிருந்து நஞ்சன்கூட்டுக்குச் சைக்கிளில் போய்வருகிறவர்களுக்கு ஒரு அனுபவம் பொதுவானது. போகும்போது உடம்பு லேசாக இருக்கும். திரும்பும்போது சாலை என்னவோ அதே சமதளமாகத்தான் கண்ணுக்குத் தெரியும், கால் மட்டும் கனத்துப்போகும். காலையில் சாப்பிட்ட இட்லி போதவில்லையோ, டயரில் காற்று இறங்கிவிட்டதோ என்று சிலர் இறங்கிப் பார்ப்பார்கள். டயரில் ஒன்றும் குறையிருக்காது. மைசூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 760 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நஞ்சன்கூடு அதைவிட ஒரு நூறு மீட்டர் தாழ்வு. இடையில் 24 கி.மீ. தூரம். ஏற்றம் அவ்வளவு தூரத்துக்குப் பரவிக் கிடப்பதால் கண் அதைப் பிடிப்பதில்லை. கால் பிடித்துவிடுகிறது.

உலகத்தில் பல நாடுகளில், ரயில் நின்றுபோன பாதைகளில் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு, அந்தத் தடத்தையே சைக்கிள் பாதையாக ஆக்கியிருக்கிறார்கள். காட்டுக்குள்ளும் வயல்வெளியிலும் நாள் முழுக்க அதில் ஓட்டிக்கொண்டு போகலாம். அப்படி ஒரு பாதை ஏன் சைக்கிளுக்கு இவ்வளவு தோதாக இருக்கிறது, நம் பக்கத்தில் ஏன் அது இல்லை, மைசூருவில் இருப்பவர் அதற்கு அருகில் எதைத் தேடிப் போகலாம் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஏற்றம்தான்.

ரயில் சக்கரம் இரும்பு, தண்டவாளமும் இரும்பு. இரண்டும் உரசும் இடம் ஒரு விரல்நுனி அளவுதான். உரசல் குறைவு என்பதால் ஒரு எஞ்சினால் ஆயிரக்கணக்கான டன் சரக்கை இழுக்க முடிகிறது. அதே காரணத்தால்தான் செங்குத்தான ஏற்றத்தில் ரயில் ஏற முடிவதில்லை. சக்கரம் பிடிமானம் இல்லாமல் வழுக்கிச் சுழலும். எனவே ரயில் பாதைக்கு அளவெடுக்க வந்தவர்கள் மேட்டைக் கண்டால் வெட்டினார்கள், பள்ளத்தைக் கண்டால் மண்ணைக் கொட்டிக் கரை போட்டார்கள், மலை குறுக்கிட்டால் குடைந்தார்கள் அல்லது சுற்றிக்கொண்டு போனார்கள். நூறு மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறுவது, அதாவது 100க்கு 1, ரயிலுக்குச் சாதாரண ஏற்றம். 50க்கு 1 என்றால் கடுமையான ஏற்றம். நம் சாலைகளில் 20க்கு 1, 15க்கு 1 எல்லாம் சர்வசாதாரணம்.

இது சைக்கிள்காரருக்கு என்ன தருகிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஆளும் சைக்கிளும் பையும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் 100க்கு 1 ஏற்றத்தில் போனால், உடம்பை உயரே தூக்குவதற்கு மட்டும் செலவாகும் சக்தி சுமார் 28 வாட். அதே வேகத்தில் 100க்கு 6 ஏற்றத்தில் போனால் 167 வாட். காற்றைக் கிழிப்பதற்கும் டயர் உரசலுக்கும் ஆகும் சக்தி இதற்கு மேல் தனி. தினமும் கொஞ்சம் ஓட்டுகிற ஒரு சாதாரண ஆள் மணிக்கணக்கில் தாங்கக்கூடியது நூறு வாட்டை ஒட்டித்தான் இருக்கும். முதல் ஏற்றத்தில் அவர் பேசிக்கொண்டே போவார். இரண்டாவதில் கால் மணி நேரத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். அறுபது வயதுக்காரரும் பத்து வயதுப் பிள்ளையும் ஒரே பாதையில் ஒன்றாகப் போக முடிகிறது என்றால், அது என்றோ ஒரு பொறியாளர் எஞ்சினுக்காகச் செய்துவைத்த வேலை.

மேலும் சில வசதிகள் இருக்கின்றன. ரயிலால் சட்டென்று திரும்ப முடியாது, அதனால் வளைவுகள் எல்லாம் அகலமானவை. மழைநீர் ஓடுவதற்கு இரண்டு பக்கமும் வாய்க்கால், அடியில் மதகு, ஓடைக்கு மேல் பாலம் எல்லாம் ஏற்கெனவே இருக்கும். பல டன் எடையைத் தாங்கிய மண் என்பதால் தடம் கெட்டித்துப் போயிருக்கும். தண்டவாளத்தையும் ஸ்லீப்பர் கட்டைகளையும் எடுத்துவிட்டு, பெரிய ஜல்லியை அள்ளி, மேலே பொடிக்கல்லைப் பரப்பி ரோலர் விட்டால் பாதை தயார். புதிதாக நிலம் எடுக்க வேண்டியதில்லை, மலையை வெட்ட வேண்டியதில்லை.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எல்ராய் என்ற ஊருக்கும் ஸ்பார்ட்டா என்ற ஊருக்கும் இடையே இப்படி ஆன பாதையை முன்னோடி என்பார்கள். ரயில் கம்பெனி கைவிட்ட தடத்தை மாநில அரசு 1960களின் நடுவில் வாங்கியது. 51 கி.மீ. நீளம், வழியில் மூன்று குகைகள். அவற்றில் நீளமானது ஒரு கிலோமீட்டருக்கும் அதிகம். உள்ளே சைக்கிளிலிருந்து இறங்கி, விளக்கைப் பிடித்துக்கொண்டு நடந்துதான் போக வேண்டும். இன்று அந்த நாட்டில் இத்தகைய பாதைகள் மொத்தம் 40,000 கி.மீ.க்கு மேல். ஸ்பெயின் 1993இல் தொடங்கி 3,000 கி.மீ.க்கு மேல் செய்திருக்கிறது. அமெரிக்கர்கள் 1983இல் செய்த ஒரு சட்ட ஏற்பாடு இதில் முக்கியமானது: ரயில் நின்ற தடத்தைத் துண்டு துண்டாக விற்றுவிடாமல், பின்னாளில் மறுபடி ரயில் விடத் தேவைப்படலாம் என்று முழுதாக வைத்திருப்பது, அதுவரை மக்கள் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விடுவது. ஒரு தடம் ஒருமுறை துண்டானால் அதை மறுபடி ஒட்டுவது மிகக் கடினம் என்று அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்கள்.

நம் ஊரில் நடந்தது வேறு. இங்கே ரயில் பாதைகள் பெரும்பாலும் சாகவில்லை, அகலமாயின. 1992இல் தொடங்கிய ஒரே கேஜ் திட்டத்தில், ஒரு மீட்டர் அகலமுள்ள மீட்டர் கேஜ் பாதைகள் 1,676 மில்லிமீட்டர் பிராட் கேஜாக மாற்றப்பட்டன. மைசூரு சமஸ்தானத்தின் பாதைகள் முக்கால்வாசி மீட்டர் கேஜ்தான். பெங்களூருவிலிருந்து மைசூருவுக்கு 1882இல் வந்த பாதையும், அங்கிருந்து நஞ்சன்கூடு வரை 1891இல் நீண்ட பாதையும் அதுதான். பெங்களூரு பாதை 1990களில் மாறியது. நஞ்சன்கூடு வழியாகச் சாமராஜநகர் போகும் 61 கி.மீ. பாதை அதற்குப் பிறகு, 2000களில் மாறியது. மாற்றும்போது பழைய தடத்தின் மேலேயேதான் புதுப்பாதை போகும். வளைவை நிமிர்த்த வேண்டிய இடத்திலும் பாலம் பலம் போதாத இடத்திலும் மட்டும் விலகிப் போகும். எனவே நமக்கு மிச்சமானவை நீண்ட பாதைகள் அல்ல, அங்கங்கே ஒரு துண்டு, ஒரு வளைவு, ஒரு பாலம். இதில் எனக்கு வருத்தமில்லை. ரயில் ஓடுவதுதான் ரயில் பாதைக்கு நல்லது. சாமராஜநகர்க்காரருக்குத் தினசரி வேலைக்குப் போக வண்டி வேண்டும். அந்தத் துண்டுகளை மட்டுமாவது பார்த்து எடுத்து வைத்திருக்கலாமே என்றுதான் வருத்தம்.

இடையில் ஒரு பத்தாண்டு, தற்செயலாக, கர்நாடகத்தில் ஒரு ரயில் தடம் மக்கள் கைக்கு வந்தது. சக்லேஷ்பூரிலிருந்து சுப்ரமண்யா ரோடு வரை 55 கி.மீ., 57 குகைகள், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடர்ந்த காடு, 50க்கு 1 ஏற்றம். கேஜ் மாற்றத்துக்காக 1996இல் அங்கே ரயில் நின்றது. சரக்கு ரயில் மறுபடி ஓட 2006 ஆனது. அந்த இடைவெளியில் நடைப்பயணிகள் ஸ்லீப்பர் கட்டைகளின் மேல் கால்வைத்து அந்தக் காட்டைக் கடந்தார்கள். இன்று அங்கே ரயில் ஓடுகிறது. இதைப் படித்துவிட்டு யாரும் அந்தத் தண்டவாளத்தில் நடக்கப் போகக் கூடாது. ஓடும் பாதையில் அனுமதியின்றி நுழைவது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைக்கு வழி. அதைவிடப் பெரிய விஷயம், குகைக்குள் ரயில் வந்தால் ஒதுங்க இடம் கிடையாது.

உண்மையிலேயே செத்துப்போன காட்டு ரயில்களும் நம் பக்கம் உண்டு. பரம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடிக்குத் தேக்கு மரம் இறக்கிய கொச்சி வனத் தண்டூர்தி 1907 முதல் 1963 வரை ஓடியது. அதன் தடம் இன்று புலிகள் காப்பகத்துக்குள் கிடக்கிறது, வனத்துறை ஆள் துணையின்றி அங்கே கால்வைக்க முடியாது. சைக்கிளுக்கும் அது சரிவராது. சில இடங்களில் எஞ்சினால் ஏற முடியாத சரிவில் கயிறு கட்டி, இறங்கும் சுமையின் எடையைக் கொண்டு ஏறும் பெட்டியை இழுத்திருக்கிறார்கள். ரயில் தடம் என்றாலே சமதளம் என்று நம்பி ஏமாறக் கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம். மூணாறில் 1902இல் மாடு இழுத்த ஒற்றைத் தண்டவாள வண்டியாகத் தொடங்கி, 1908இல் குறுகிய பாதையாக மாறிய குண்டலா பள்ளத்தாக்கு ரயில் 1924 வெள்ளத்தில் அழிந்தது. டாப் ஸ்டேஷன் என்று இன்றும் நாம் சொல்லும் ஊருக்கு அந்தப் பெயர் அந்தக் காலத்தில்தான் வந்தது. இலங்கையில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை தேயிலை ஏற்றிய சின்ன ரயில் 1940களில் நின்றுபோனது.

தமிழர்கள் வாழும் ஊர் ஒன்றில் இது முழுமையாக நடந்த இடம் என்றால் சிங்கப்பூர்தான். அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

சிங்கப்பூரின் தென்முனையில் தஞ்சோங் பகார் நிலையம், வடமுனையில் உட்லண்ட்ஸ். இடையில் 24 கி.மீ. நீளத்துக்குத் தீவின் நடுவே ஓடியது மலாயா ரயில். தஞ்சோங் பகார் நிலையம் 1932இல் திறந்தது. பாதை மாற்றியமைக்கப்பட்டதும் அதே காலத்தில்தான். மலாயாவின் ரயில் பாதைகளைப் போட்டதிலும் பராமரித்ததிலும் தமிழ்த் தொழிலாளர்களின் பங்கு மிகப் பெரிது என்பதால், அந்தத் தடம் நமக்கு அன்னியமானது அல்ல. சிங்கப்பூரும் மலேசியாவும் பிரிந்த பிறகும் அந்த நிலமும் ரயிலும் மலேசியாவிடமே இருந்தன. நீண்ட பேச்சுவார்த்தை 2010இல் முடிவுக்கு வந்தது. 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயில் கிளம்பியது. அதை ஜொகூர் சுல்தானே ஓட்டிச் சென்றார். அதன்பின் தண்டவாளங்கள் கழற்றப்பட்டு மலேசியாவுக்குத் திரும்பின.

நிலம் எவ்வளவு அருமையோ அவ்வளவு விலையும் உள்ள ஊர் அது. அந்த 24 கி.மீ. தடத்தில் அடுக்குமாடிகளோ விரைவுச் சாலையோ வந்திருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். வராமல் போனதற்கு ஒரு காரணம், கேள்வி சரியான நேரத்தில் எழுந்தது. சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் 2010 அக்டோபரிலேயே, அதாவது கடைசி ரயில் போவதற்கு எட்டு மாதம் முன்பே, இந்தத் தடத்தை முழுதாகப் பசும்பாதையாக வைத்திருங்கள் என்று எழுத்தில் கேட்டது. தடத்தைத் துண்டாக்க வேண்டாம் என்பதுதான் அந்தக் கோரிக்கையின் உயிர். அரசு அதைக் காதில் வாங்கிக்கொண்டது. புக்கித் தீமா நிலையமும் இரண்டு இரும்புப் பாலங்களும் அப்படியே காக்கப்பட்டன, தஞ்சோங் பகார் நிலையம் தேசிய நினைவுச் சின்னமானது. பாதை கட்டம் கட்டமாகச் சீரமைக்கப்பட்டு, நடுப்பகுதி 2021இலும் புக்கித் தீமா நிலையம் 2022இலும் மக்களுக்குத் திறந்தன.

இன்று அந்தத் தடத்தில் சைக்கிளில் போனால் முதலில் உறைப்பது நிழல். புக்கித் தீமா இயற்கைக் காப்பகத்தை ஒட்டி வரும் பகுதியில் மரங்கள் இரண்டு பக்கமும் கவிந்திருக்கும், குரங்குகள் கரையோரம் உட்கார்ந்திருக்கும். அவற்றுக்குத் தீனி போடக் கூடாது, அங்கே அது குற்றம். பக்கத்திலேயே நெடுஞ்சாலை இரைந்துகொண்டிருந்தாலும் ரயில் வெட்டிய பள்ளத்துக்குள் இறங்கியதும் சத்தம் அடங்கிவிடும். காப்பகத்தின் உச்சி 163 மீட்டர், சிங்கப்பூரில் அதுதான் உயரமான இயற்கைக் குன்று. அந்தக் குன்றை ஒட்டியே போனாலும் தடம் ஏறுவது தெரியாது, ஏனென்றால் ரயில் அதைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. நடப்பவர்களும் ஓட்டுபவர்களும் ஒரே பாதையில் வருவதால் முந்தும்போது மணி அடித்து, வேகம் குறைத்துத்தான் போக வேண்டும். பகிர்பாதைகளில் மணிக்கு 25 கி.மீ. உச்ச வரம்பு, ஆள்நடமாட்டம் உள்ள இடத்தில் அதில் பாதி வேகமே அதிகம்.

ரயில் தடம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் கோடு. சைக்கிள்காரருக்கு வேண்டியது வட்டம். கிளம்பிய இடத்துக்கே, வந்த வழியில் திரும்பாமல் வர வேண்டும். சிங்கப்பூரில் இது எளிது. பூங்காக்களை இணைக்கும் சைக்கிள் பாதைகள் 300 கி.மீ.க்கு மேல் இருப்பதால், ரயில் தடத்தில் வடக்கே போய், பூங்காப் பாதைகளில் கரையோரமாகத் திரும்பிவிடலாம். மற்ற நாடுகளில் இரண்டு பழைய ரயில் தடங்களை ஒரு நாட்டுச் சாலை இணைக்கும். அந்த இணைப்புச் சாலையில்தான் புதியவர்கள் அடிபடுகிறார்கள். நாள் முழுக்க 100க்கு 1இல் சுகமாக வந்த காலுக்கு, ஒரு பள்ளத்தாக்கிலிருந்து இன்னொரு பள்ளத்தாக்குக்குத் தாண்டும் அந்த எட்டுப் பத்து கிலோமீட்டரில் 100க்கு 8 ஏற்றம் திடீரென்று வந்து நிற்கும். வட்டப் பயணம் திட்டமிடும்போது மொத்த தூரத்தைப் பார்ப்பதைவிட அந்த இணைப்பு எங்கே வருகிறது என்று பாருங்கள். அது காலையில் வருமாறு திசையை வையுங்கள்.

ரயில் தடத்துக்கென்று சில உடம்பு வலிகளும் உண்டு, இதை முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை. மேடுபள்ளமான சாலையில் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிப்போம், இறக்கத்தில் காலை நிறுத்தி ஓய்வெடுப்போம். உடம்பு தானாக நிலை மாறிக்கொண்டே இருக்கும். ரயில் தடத்தில் மூன்று மணி நேரம் ஒரே உட்காரல், ஒரே மிதி. பின்புறம் மரத்துப்போகும், ஹேண்டில்பார் பிடித்த உள்ளங்கையில் விரல்கள் சுறுசுறுக்கும். கால் மணிக்கு ஒருமுறை வேண்டுமென்றே எழுந்து நின்று பத்து மிதி மிதிக்க வேண்டும், பிடியை மாற்ற வேண்டும். 100க்கு 1 ஏற்றம் இருபது கிலோமீட்டர் நீண்டால், தனக்கு உடம்பு சரியில்லை என்றே ஆள் முடிவுகட்டிவிடுவார். ஒரு கியர் இறக்கிவிட்டு, வேகத்தைப் பற்றி நினைக்காமல் போனால் சரியாகிவிடும். கரை மேல் போகும் இடத்தில் எதிர்காற்று தடுப்பின்றி அடிக்கும். வெட்டுப்பள்ளத்துக்குள் இலை மக்கி வழுக்கும். டயர் 35 முதல் 40 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் பொடிக்கல்லில் நன்றாகப் போகும். மெல்லிய ரேஸ் டயர் புதையும்.

இனி மைசூரு. இங்கே காட்டுக்குள் போகும் ரயில் தடம் இல்லை. பண்டிப்பூர், நாகரஹொளே காட்டுச் சாலைகளில் சைக்கிள் ஓட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அது யானையின் வீடு. பண்டிப்பூர் வழியாகப் போகும் நெடுஞ்சாலையில் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை வண்டிகளுக்கே 2009 முதல் தடை. ஆனால் ரயில் பொறியாளரைப் போலவே சரிவுக்குக் கட்டுப்பட்ட இன்னொருவர் இந்த மண்ணில் அவருக்கு முன்பே வேலை செய்திருக்கிறார். கால்வாய் வெட்டியவர். தண்ணீர் மேட்டில் ஏறாது, ரொம்பச் சரிந்தால் கரையை அரித்துவிடும். எனவே கால்வாய் ரயிலைவிடவும் மெல்லிய சரிவில், நிலத்தின் வளைவோடு வளைந்து போகும். ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சுற்றி, சிக்கதேவராய உடையார் காலத்துப் பெயரைத் தாங்கிய கால்வாய், விரிஜா கால்வாய், கிருஷ்ணராஜ சாகரிலிருந்து கிளம்பும் விஸ்வேஸ்வரய்யா கால்வாய் என்று பல தலைமுறைக் கால்வாய்கள் இருக்கின்றன. அவற்றின் கரைமேல் மண்பாதை இருக்கும் இடங்களில், நெல்வயலுக்கும் தண்ணீருக்கும் நடுவே, ஒரு ரயில் தடம் தரும் அதே சுகம் கிடைக்கும். கரை குறுகலான இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். தண்ணீர் ஓடும் மாதங்களில் பிள்ளைகளை அங்கே ஓட்ட விடாதீர்கள், பக்கச்சுவர் வழுக்கும், ஏற முடியாது.

ரயிலை மையமாக வைத்தே ஒரு வட்டம் வேண்டுமென்றால், ஏறத்தாழ 70 கி.மீ.யில் இப்படி ஒன்று போகலாம். முந்தின நாள் மாலை, கிருஷ்ணராஜ சாகர் சாலையில் இருக்கும் ரயில் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடுங்கள். 1979இல் தொடங்கியது. அங்கே நிற்கும் பழைய எஞ்சினுக்குக் கீழே, ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு தண்டவாளங்கள் கிடப்பதைக் கண்ணால் பார்த்தால், மறுநாள் பார்க்கப்போகும் பாலத்தின் அகலம் புரியும். சைக்கிள் சொந்தமாக இருப்பது நல்லது. 2017 ஜூனில் 450 சைக்கிளோடு தொடங்கிய மைசூருவின் ட்ரின் ட்ரின் வாடகைத் திட்டம் ஊருக்குள் சுற்றுவதற்கு ஏற்பட்டது. குக்கரஹள்ளி ஏரி வரை போகலாம், நஞ்சன்கூட்டுக்கு வேண்டாம்.

விடிவதற்கு முன் கிளம்பி, கடகோளா, தாண்டவபுரம் வழியாகத் தெற்கே போங்கள். ரயில் பாதை கூடவே வரும். ஊர்ச்சாலை எங்கே மேடேறி இறங்குகிறது, அதே இடத்தில் பாதை எங்கே கரைமேல் போகிறது, எங்கே பள்ளத்துக்குள் மறைகிறது என்று பார்த்துக்கொண்டே போனால், மேலே நான் எழுதிய பாடம் முழுவதும் ஒரு மணி நேரத்தில் விளங்கிவிடும். ரயில்வே கேட் மூடியிருந்தால் குனிந்து நுழையாமல் நில்லுங்கள். போகிற பாசஞ்சரைப் பார்ப்பதும் இந்தப் பயணத்தில் சேர்த்திதான்.

நஞ்சன்கூட்டுக்குள் நுழையும் முன் கபிலா ஆறு. கபினி என்றும் சொல்வார்கள். அதன் மேல் 1735இல் தளவாய் தேவராஜர் கட்டிய கல் பாலம் நிற்கிறது. இந்தியாவில் முதல் பயணிகள் ரயில் பம்பாயில் ஓடியதற்கு 118 ஆண்டுகள் முன்பு, மாட்டு வண்டிக்கும் குதிரைக்கும் படைக்குமாகக் கட்டிய பாலம் அது. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து அதே பாலத்தின் ஒரு பக்கத்தில் மீட்டர் கேஜ் தண்டவாளம் ஏறியது. ஒரு பக்கம் ரயில், பக்கத்திலேயே சாலை, இரண்டும் ஒரே வளைவுகளின் மேல். பிராட் கேஜ் வந்தபோது ரயில் பக்கத்தில் கட்டிய புதுப்பாலத்துக்கு மாறிக்கொண்டது. சிங்கப்பூரில் எட்டு மாதம் முன்கூட்டியே எழுந்த கேள்வி இங்கே அப்போது எழுந்ததாக எனக்கு நினைவில்லை. ஆற்றங்கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அந்த வளைவுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: நஞ்சுண்டேஸ்வரர் கோயிலுக்கு வருகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் லாரிக்குப் பயப்படாமல் ஆற்றைக் கடக்க, நடைக்கும் சைக்கிளுக்கும் மட்டுமான ஒரு வழி வேண்டும் என்றால், அதைக் கட்ட வேண்டியதே இல்லை. கட்டி 1735லிருந்து நிற்கிறது. அதைச் செப்பனிட்டு, இரு முனையிலும் பழைய ரயில் கரையில் எஞ்சியிருக்கும் துண்டுகளைச் சேர்த்தால், சில நூறு மீட்டர்தான் என்றாலும் இந்தப் பகுதிக்கு அது முதல் ரயில் தடப் பாதையாக இருக்கும். நீளம் பிறகு வரட்டும். பாலத்தின் மேல் எதுவரை போகலாம் என்று அங்கே இருப்பவர்களைக் கேட்டுவிட்டுப் போங்கள், பழைய கட்டடம்.

ஊருக்குள் சிற்றுண்டி முடித்து, ரசபாளெ வாழைப்பழம் கிடைத்தால் நாலைந்து பையில் போட்டுக்கொள்ளுங்கள். புவிசார் குறியீடு பெற்ற பழம். விளைச்சல் குறைந்துபோனதால் எல்லா நாளும் கிடைக்காது, கிடைக்காவிட்டால் ஏலக்கி. திரும்பும் வழி கிழக்கே சுத்தூர், அங்கிருந்து வருணா, மைசூரு. இதுதான் நம் வட்டத்தின் இணைப்புச் சாலை. இங்கே ரயில் பொறியாளர் வந்து மேட்டை வெட்டவில்லை. சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்கள் வரும், காலையில் இறங்கிய அந்த நூறு மீட்டரையும் இதில்தான் திருப்பி ஏற வேண்டும். அறுவடை மாதங்களில் ராகியையும் கொள்ளையும் சாலையில் பரப்பி வண்டிச் சக்கரத்தில் போரடிப்பார்கள். கொள்ளுக் கொடி பின்சக்கரத்தின் பல்லில் சுற்றிக்கொண்டால் செயின் இறுகி, கியர் நெளிந்துவிடும். இருபது அடி தூரம்தான், இறங்கித் தூக்கிக்கொண்டு போங்கள்.

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்குக் காற்று வலுத்திருக்கும், இந்த வட்டத்தின் கடைசிப் பகுதி மேற்கு நோக்கியது என்பதால் அது முகத்தில் அடிக்கும். இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், சின்னப் பம்பு, இரண்டு லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும். ஓட்டும் நேரம் மட்டும் ஐந்து மணி ஆகும். வருணாவைத் தாண்டியதும் சாமுண்டி மலை பெரிதாகிக்கொண்டே வரும், சாலை சமதளமாகத் தெரியும், கால் கனக்கும். ஒரு கியர் இறக்கிக்கொள்ளுங்கள்.